காலையிலேயே போட்டுவிட்ட மைனஸ்கள்

நான் வேலை பார்த்த ஆய்வகத்தில் இப்போது ரத்தப் பிரிவு பார்க்க ஒரு மெஷின் வந்திருக்கிறதாம். என் நாற்காலியில் இன்று உட்கார்ந்திருக்கும் ஜெயந்தி போன மாதம் போன் செய்து ஒரு பாட்டம் புலம்பினாள்.

"கோமதிக்கா, இந்த மெஷினு ஒவ்வொரு ஆளுக்கும் அவங்க ரத்தத்த அவங்க சீரத்தோடயே ஒருதரம் சேத்துப் பாக்கு. அது சரின்னு வந்தாத்தான் மத்த ரிசல்ட்டயே தருது. எதுக்குக்கா இந்த வெட்டி வேல? தன் ரத்தம் தன்னையேவா கட்டிப் பிடிக்கும்?"

கூடவே இன்னொன்றும் சொன்னாள். மேல்படிப்புக்குப் பரீட்சை எழுதுகிறாளாம். அதில் 'ரெகுலேட்டரி டி செல்' என்று ஒரு பாடம் வருகிறதாம், பத்துத் தடவை படித்தும் மண்டையில் ஏறவில்லையாம். எங்கள் லேப் டெக்னீசியன் சங்கத்து மலருக்கு நான் ஏதாவது எழுதித் தர வேண்டும் என்று ஆறு மாதமாக வேறு நச்சரித்துக்கொண்டிருக்கிறாள். மூன்றுக்கும் சேர்த்து இந்தக் கட்டுரை. ஏனென்றால், அவள் கேட்ட அதே கேள்வியை, ஏறக்குறைய அதே வார்த்தைகளில், நானும் ஒருகாலத்தில் கேட்டிருக்கிறேன். பதில் சொன்னது டாக்டர் இல்லை, ஒரு பஸ் செக்கிங் இன்ஸ்பெக்டர்.

என் படிப்பைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பள்ளி இறுதி முடித்து, லேப் டெக்னீசியன் படிப்பு ஒரு வருடம் படித்தேன். முதல் இரண்டு வருடம் கண்ணாடிக் குழாய் கழுவினேன், அடுத்த இரண்டு வருடம் மற்றவர்கள் கழுவிய குழாயில் குற்றம் கண்டுபிடித்தேன். அதற்குப் பிறகு எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு வந்துவிட்டது. அந்த நினைப்போடு பத்து வருடம் நிம்மதியாக வேலை பார்த்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் ஆய்வகத்துக்கு இரண்டு வரவுகள் ஒரே மாதத்தில் வந்தன. ஒன்று ஏ.சி. மற்றொன்று டாக்டர் எஸ்தர்.

ஏ.சி. எங்களுக்காக வந்ததல்ல, புதிதாக வாங்கிய ஒரு கருவிக்காக வந்தது. ஆனால் கருவி ஒரு மூலையில் குளிர்ந்துகொண்டிருக்க, மிச்சக் குளிரை நாங்கள் விட்டுவைப்போமா? திருநெல்வேலியில் மே மாதம் எப்படி இருக்கும் என்று நான் எழுதித்தான் தெரிய வேண்டுமா? மருந்தகத்து ஆட்கள், எக்ஸ்ரே ஆட்கள் எல்லாரும் ஏதாவது ஒரு சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் அறைக்குள் வந்து கால் மணி நேரம் நின்றுவிட்டுப் போவார்கள். எங்கள் அட்டெண்டர் மாடசாமி காலையில் வந்ததும் அதன் குமிழைக் கடைசி வரைக்கும் திருகி வைப்பான். "வாங்குனதே குளுரத்தானக்கா" என்பான். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

டாக்டர் எஸ்தர் பாளையங்கோட்டைக்காரர். என்னைவிட ஆறு வயது சின்னவர், எனக்கு மேலதிகாரி. மெல்லிய உடம்பு. அந்த ஏ.சி.க்குப் பயந்து நீல நிறத்தில் ஒரு ஸ்வெட்டர் பின்னி வைத்திருந்தார். வெளியே தார் உருகும், அவர் உள்ளே ஸ்வெட்டரோடு மைக்ரோஸ்கோப்பில் குனிந்திருப்பார். யாரையும் சத்தம் போட மாட்டார். 'தப்பு' என்ற சொல்லே அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. சந்தேகம் வந்தால் ரிஜிஸ்தரில் அந்த முடிவுக்குப் பக்கத்தில் சிவப்புப் பென்சிலால் சின்னதாக ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டுப் போய்விடுவார், அவ்வளவுதான். அந்தக் கேள்விக்குறியைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நாலு வார்த்தை திட்டினால் திரும்ப நாலு வார்த்தை சொல்லலாம். கேள்விக்குறியை என்ன செய்ய முடியும்?

அவர் வந்ததும் ஒரு புது வழக்கத்தைக் கொண்டுவந்தார். ரத்தப் பிரிவு பார்ப்பது எளிய வேலை. ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டில் நோயாளியின் ரத்தத்தை மூன்று சொட்டு வைப்போம். ஒரு சொட்டில் ஏ மருந்து, ஒன்றில் பி மருந்து, ஒன்றில் டி மருந்து. எதில் ரத்தம் தயிர் திரிந்த மாதிரி குருணையாகிறதோ அதுதான் பிரிவு. ஏ, பி இரண்டிலும் ஆகாவிட்டால் ஓ. டி-யில் ஆனால் பாசிட்டிவ். டாக்டரம்மா நான்காவதாக ஒரு சொட்டு வைக்கச் சொன்னார். அதில் மருந்து கிடையாது. நோயாளியின் ரத்தம், அதோடு அவருடைய சொந்தச் சீரம், அதாவது ரத்தம் உறைந்த பிறகு மேலே தெளிந்து நிற்கும் மஞ்சள் நீர். அது திரியக் கூடாது. திரிந்தால் மற்ற மூன்றையும் நம்பக் கூடாது. அதற்குக் கண்ட்ரோல் என்று பெயர். ரிஜிஸ்தரில் அதற்கென்று தனிக் கட்டம் போட்டு, திரிந்தால் பிளஸ், திரியாவிட்டால் மைனஸ் எழுத வேண்டும் என்றார்.

"தன் வீட்டு நாயி தன்னப் பாத்தே கொரைக்குமா டாக்டரம்மா?" என்று கேட்டேன்.

"சில நேரம் கடிக்கவே செய்யும் கோமதிக்கா," என்றார்.

ஒரு வாரம் ஒழுங்காகச் செய்தேன். எல்லாருக்கும் மைனஸ். இரண்டாம் வாரமும் மைனஸ். மூன்றாம் வாரத்தில் என் புத்தி வேலை செய்தது. எப்படியும் மைனஸ்தானே வரப்போகிறது, ஒவ்வொரு தடவையும் பேனாவை எடுத்து எடுத்து மூடுவானேன்? காலையில் வந்ததும், வாசலில் கோலம் போடுவது போல, அன்றைய பக்கத்தில் கண்ட்ரோல் கட்டத்தில் மேலிருந்து கீழாக இருபது மைனஸைக் கிடுகிடுவென்று இழுத்துவிடுவேன். நான்காவது சொட்டு வைப்பதையும் விட்டுவிட்டேன். இதை அன்றைக்கு நான் திருட்டுத்தனம் என்று நினைக்கவில்லை, சாமர்த்தியம் என்றுதான் நினைத்தேன். மாடசாமிகூட, "அக்கா கைக்கு என்ன வேகம்" என்று மெச்சினான்.

அப்படி ஒரு மே மாதக் காலையில் வார்டிலிருந்து ஒரு ரத்தக் குழாய் வந்தது. முப்புடாதி, பத்தொன்பது வயது, கல்லிடைக்குறிச்சி. அப்பளம் போடும் வீட்டில் வேலை. இரண்டு வாரமாகக் காய்ச்சலும் வறட்டு இருமலும். அது குறைந்து வருகிற நேரத்தில் திடீரென்று உடம்பு வெளுத்து, கண் மஞ்சளாகி, கடுங்காப்பி நிறத்தில் சிறுநீர் போய், எழுந்து நிற்க முடியாமல் கொண்டு வந்திருந்தார்கள். பதினொன்றோ பன்னிரண்டோ இருக்க வேண்டிய ரத்த அளவு நாலில் நின்றது. உடனே ரத்தம் ஏற்ற வேண்டும், பிரிவு பார்த்துப் பை கொடுங்கள் என்று சீட்டு.

மூன்று சொட்டு வைத்தேன். மூன்றும் திரிந்தன. ஏபி பாசிட்டிவ் என்று எழுதி அனுப்பினேன். குழாயின் கண்ணாடிச் சுவரில் ரவை ரவையாக ரத்தம் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். யாரோ சரியாகக் குலுக்காமல் கொண்டு வந்திருக்கிறார்கள் என்று வார்டு ஆட்களை மனதுக்குள் திட்டிக்கொண்டேன். எங்கள் குளிர்பெட்டியில் ஏபி ரத்தப் பை ஒன்றே ஒன்று இருந்தது. காப்பி குடித்துவிட்டு வந்து பொருத்தம் பார்க்கலாம் என்று அதை எடுத்து வெளியே வைத்தேன்.

காப்பி குடித்துவிட்டு வரும்போது அறைக்குள் காக்கிச் சட்டையில் ஒருவர் நின்றிருந்தார். ஐம்பது வயது இருக்கும். சட்டைப் பையில் விசில், கக்கத்தில் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு ஃபைல். முந்தின நாள் டூட்டியில் இருந்தவரைப் பாதி வழியில் இறக்கி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறார்கள், அதே சட்டையோடு இருக்கிறார் என்று பிறகு தெரிந்தது.

"இந்தச் சீட்ட எழுதுனது யாரும்மா?"

"நான்தான் அண்ணாச்சி. என்ன வேணும்?"

"எம் பேரு சங்கரலிங்கம். முப்புடாதி எம் மவ. பஸ்ஸுல செக்கிங் இன்ஸ்பெக்டரா இருக்கேன்." சீட்டை மேஜைமேல் வைத்து ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். "இதுல ஏபின்னு போட்டிருக்கிய. ஒருதரம் பாத்து எழுதுனியளா, ரெண்டுதரம் பாத்து எழுதுனியளா?"

எனக்குச் சுருக்கென்றது. "ஒருதரம் பாத்தாப் போதும். பத்துப் பன்னெண்டு வருசமா இதத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்."

அவர் ஃபைலைத் திறந்தார். அவர் ரத்தம் கொடுத்த அட்டை: ஓ பாசிட்டிவ். மனைவியின் பழைய பிரசவ அட்டை: ஓ பாசிட்டிவ். இரண்டையும் சீட்டுக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்தார்.

"ரெண்டு ஓவுக்கு ஏபி பிள்ள பொறக்குமான்னு வார்டுல சின்ன டாக்டருகிட்ட கேட்டேன். பொறக்காதுன்னாரு. சொல்லிட்டு எங்க வீட்டுக்காரியப் பாத்தாரு. பக்கத்துக் கட்டில்ல இருந்தவளும் பாத்தா. வீட்டுக்காரி வெளிய வராந்தாவுல போயி ஒக்காந்தவதான், தண்ணிகூடக் குடிக்க மாட்டேங்கா."

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. என் கை எழுதிய சீட்டு தப்பாக இருக்கும் என்பதைவிட, கண்ணால் பார்த்திராத ஒரு பெண்ணின் வாழ்க்கை தப்பாக இருக்கும் என்பது எனக்கு அந்த நிமிடத்தில் சுலபமாக இருந்தது. இதை எழுத இன்றைக்கும் கூசுகிறது. "அதெல்லாம் ஒங்க வீட்டு விசயம் அண்ணாச்சி, ரத்தம் பொய் சொல்லாது" என்று சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. நிதானமாக என்னைப் பார்த்தார்.

"எம்மா, இருவத்திரெண்டு வருசமா பஸ்ஸுல ஏறி எறங்குதேன். சீட்டுல கோளாறு இருந்தா நான் பயணிய எறக்கி விட மாட்டேன். மொதல்ல கண்டக்டரத்தான் பாப்பேன்."

"அப்பம் நான் கண்டக்டரா?"

"இங்கன நீங்கதான சீட்டுக் கிழிக்கிய?"

சொல்லிக்கொண்டே, தாங்கியில் வரிசையாக நின்ற குழாய்களில் மகளின் குழாயை எடுத்துப் பெயர் சரியாக இருக்கிறதா என்று படித்தார். சரியாக இருந்தது. ஆனால் திரும்ப வைக்கவில்லை, உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டார். "அதக் கீழ வைங்க" என்றேன். "இன்னொருதரம் பாருங்க, வைக்கேன்" என்றார். நான் நேரமில்லை என்றேன். நேரமில்லாதவங்க காப்பி குடிக்கப் போவாங்களா என்றார். என் சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது போலிருக்கிறது. பக்கத்து அறையிலிருந்து ஸ்வெட்டரோடு டாக்டர் எஸ்தர் வந்தார்.

இரண்டு பேரும் சொன்னதைக் கேட்டுவிட்டு டாக்டரம்மா கையை நீட்டினார். சங்கரலிங்கம் குழாயைக் கொடுத்தார். டாக்டரம்மா அதை ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் தந்தார்.

"காலையில இது இப்படியாக்கா இருந்துது?"

வாங்கிப் பார்த்தேன். சுவரில் ஒரு ரவைகூட இல்லை. புதிதாக எடுத்த ரத்தம் மாதிரி மொழுமொழுவென்று வழிந்தது.

டாக்டரம்மா குழாயை வாங்கி ஏ.சி.யின் வாய்க்கு நேராகப் பிடித்தார். நாங்கள் மூன்று பேரும் மாடசாமியும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். சில நிமிடம் போயிருக்கும். சுவரில் மறுபடி பொடிப்பொடியாக ரவை வந்தது. அதை எடுத்துச் சங்கரலிங்கத்தின் கையில் கொடுத்து, "இன்னொருதரம் மூடிப் பிடிங்க" என்றார். அவர் எதற்கென்று கேட்காமல் பிடித்தார். திறந்தபோது ரவை இல்லை.

"கண்ட்ரோல் என்ன கோமதிக்கா?"

ரிஜிஸ்தர் திறந்துதான் கிடந்தது. முப்புடாதியின் பெயருக்கு நேராக அழகான மைனஸ். அதற்குக் கீழே, அன்று இன்னும் வராத நோயாளிகளுக்கும், பெயரே எழுதாத வெற்று வரிகளில், அதே அழகில் ஆறு மைனஸ். டாக்டரம்மாவின் பார்வை அந்த ஆறிலும் ஒவ்வொன்றாக இறங்கியது. சங்கரலிங்கமும் எட்டிப் பார்த்தார். சீட்டுக் கொடுக்காமலே கணக்கு எழுதிய கண்டக்டர்கள் எத்தனை பேரைப் பார்த்திருப்பார். அவருக்கு விளங்க ஒரு நொடிகூட ஆகவில்லை.

"காலையிலயே போட்டுட்டேன்," என்றேன். வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது உண்மை. ஆனால் வெளியே எடுத்து வைத்திருந்த அந்த ஏபி பையைப் பார்த்தபோது வந்த பயம் வேறு. ஓ பிரிவுப் பெண்ணுக்கு அதை ஏற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். பொருத்தம் பார்க்கும்போது எப்படியும் கண்டுபிடித்திருப்பேன் என்று இன்றைக்கும் என்னை நானே சமாதானம் செய்துகொள்கிறேன். கண்டுபிடித்திருப்பேனா, வேறு ஏபி பை தேடி மாடசாமியை ஊரெல்லாம் அலையவிட்டு அந்தப் பிள்ளையின் நேரத்தைத் தின்றிருப்பேனா என்று சத்தியம் செய்யச் சொன்னால் செய்ய மாட்டேன்.

டாக்டரம்மா சிவப்புப் பென்சிலை எடுத்தார். அந்தப் பக்கத்தில் இருந்த இருபது மைனஸுக்கும் பக்கத்தில் இருபது கேள்விக்குறி போட்டார். அவசரப்படாமல், ஒரே அளவில் போட்டார். பிறகு, "மாடசாமி, ஏ.சி.ய நிப்பாட்டு. ஜன்னலத் தொற," என்றார்.

அன்றைக்குத்தான் திருநெல்வேலி வெயில் எனக்கு வேலைக்கு வந்தது. ஜன்னலைத் திறந்ததும் அனல் உள்ளே வந்தது. டாக்டரம்மா வாழ்க்கையில் முதல் தடவையாக ஸ்வெட்டரைக் கழற்றினார். வெந்நீர்த் தொட்டியை உடம்புச் சூட்டுக்கு, முப்பத்தேழு டிகிரிக்கு வைத்தோம். உப்பு நீர்ப் பாட்டில், குழாய்கள், பீங்கான் தட்டு, சீரம் எடுக்கும் பிப்பெட் எல்லாவற்றையும் அதன் சூட்டுக்குக் கொண்டுவந்தோம். முப்புடாதியின் சிவப்பணுக்களை வெதுவெதுப்பான உப்பு நீரில் மூன்று தடவை கழுவினேன். ஒவ்வொரு தடவையும் டாக்டரம்மா பக்கத்தில் தெர்மாமீட்டரோடு நின்றார். கழுவி முடித்துச் சூடான தட்டில் சொட்டு வைத்தேன். ஏ மருந்தில் திரியவில்லை. பி மருந்தில் திரியவில்லை. டி மருந்தில் மட்டும் திரிந்தது. நான்காவது சொட்டு, அவளுடைய ரத்தமும் அவளுடைய சீரமும், அமைதியாகக் கிடந்தது. ஓ பாசிட்டிவ்.

நடந்தது இதுதான். அந்தக் காய்ச்சலுக்கு எதிராக அவள் உடம்பு தயாரித்த ஒரு சரக்கு, ஆள் தெரியாமல் அவளுடைய சிவப்பணுக்களையே பிடித்துக்கொண்டிருந்தது. குளிர்ந்தால் பிடிக்கும், சூடானால் விட்டுவிடும். அதனால்தான் என் குளிர்ந்த தட்டில் மூன்று சொட்டும் திரிந்தன. வார்டில் தலைக்கு மேல் ஃபேனும், ஆய்வகத்தில் எங்கள் ஏ.சி.யும் அதற்குக் கொண்டாட்டம். பழைய வெக்கை அறையாக இருந்திருந்தால் என் தட்டில் அது தலைகாட்டாமலே போயிருக்கலாம்.

புதுச் சீட்டை எழுதி, நானே வார்டுக்குக் கொண்டு போனேன். வராந்தாவில் தூணோரம் அவர் மனைவி சண்முகவடிவு உட்கார்ந்திருந்தார். "எம்மா, நான்தான் தப்பா எழுதிட்டேன். ஒங்க பிள்ளைக்கி ஓ பாசிட்டிவுதான்," என்று சீட்டை நீட்டினேன்.

அந்த அம்மா சீட்டை வாங்கவில்லை. "எனக்கு எதுக்குச் சீட்டு? எனக்குத் தெரியாதா?" என்றார். பிறகு, "பிள்ளைக்கி மொதல்ல ரத்தத்த ஏத்துங்க தாயி. எம்மேல உள்ளத பொறவு பாத்துக்கிடலாம்," என்றார். நான் அங்கே நின்று அழுதேன். அந்த அம்மாதான் எழுந்து எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, மிச்சத்தை அவரும் குடித்தார்.

சங்கரலிங்கத்திடமிருந்தே ரத்தம் எடுத்து, மற்றச் சோதனைகளையும் முடித்து, பொருத்தம் பார்ப்பதையும் உடம்புச் சூட்டிலேயே பார்த்தேன். பொருந்தியது. ரத்தம் இறங்கும் டியூப்பை வெதுவெதுப்பான தண்ணீர்ப் பாத்திரம் வழியாகச் சுற்றிவிட்டு, அதிலும் தெர்மாமீட்டர் போட்டார் டாக்டரம்மா. முப்புடாதிக்குக் கம்பளி, காலுக்குச் சாக்ஸ். அவள் கட்டிலுக்கு மேலே ஃபேன் கிடையாது. மே மாதத்தில் ஃபேனை நிறுத்தினால் பக்கத்துக் கட்டில்காரர்கள் சும்மா இருப்பார்களா? "அவளுக்குக் குளுருதுன்னா எங்கள எதுக்கு அவிக்கிய?" என்று ஒரு போராட்டமே நடந்தது. காலையில் சண்முகவடிவை ஒரு மாதிரி பார்த்த அந்தப் பெண்தான் அதிகம் சத்தம் போட்டாள். அவள் வேர்த்து வழிந்ததில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம் இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அன்று சாயங்காலம் வரை அந்தப் பக்கத்தில் இருந்த அத்தனை பேருக்கும் மறுபடி சோதித்தோம். மற்றவர்களுக்கு எல்லாம் சரியாகவே இருந்தது. டாக்டரம்மா மேலிடத்துக்கு நடந்ததை நடந்தபடி எழுதினார், அதில் ஏ.சி.யைப் பற்றி இரண்டு பத்தி, என்னைப் பற்றி ஒரு பத்தி. எனக்கு எழுத்துமூலமாக ஒரு எச்சரிக்கை வந்தது. அதை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

முப்புடாதி தேறினாள். வீட்டுக்குப் போகும்போது டாக்டரம்மா மருந்தைவிடப் பத்தியம்தான் அதிகம் சொன்னார். ஐஸ் கூடாது, பச்சைத் தண்ணீர் கூடாது, ஆற்றில் குளிக்கவே கூடாது. கடைசியைக் கேட்டதும்தான் அந்தப் பிள்ளை முதல் தடவையாக வாயைத் திறந்தது.

"எத்தன நாளைக்கி?"

"ரத்தம் சரியாவுற வரைக்கும்."

"வீட்டுல இருந்து எட்டிப் பாத்தா ஆறுதான் டாக்டரம்மா. நான் எங்கனன்னு குளிக்க?"

வாரம் ஒருதரம் வருவாள். அவளுடைய ரத்தத்தை ஐஸ் தண்ணீரில் வைத்து, எவ்வளவு திரிகிறது என்று பார்ப்பது என் வேலை. நான்காவது சொட்டைத் தண்டனை மாதிரி எனக்கே எழுதிக் கொடுத்திருந்தார் டாக்டரம்மா. வாரத்துக்கு வாரம் குறைந்துகொண்டே வந்தது. எனக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. சொந்த ரத்தத்தையே அடித்த கூட்டம், யார் சொல்லி அடங்குகிறது?

ஒரு நாள் சங்கரலிங்கமும் இருக்கும்போது கேட்டேன். டாக்டரம்மா மேஜை இழுப்பறையிலிருந்து ஜெராக்ஸ் எடுத்த சில தாள்களை எடுத்தார். சென்னையில் படிக்கும் தோழி தபாலில் அனுப்பியதாம்.

"இது எலிய வச்சுப் பாத்தது கோமதிக்கா. முப்புடாதிக்கும் இதுதான் நடந்துதுன்னு நான் சொல்ல மாட்டேன். அவளுக்கு வந்தது வேற வகை. காய்ச்சக் கிருமி போனதும் தானா அடங்கியிருக்கலாம். ஆனா கேக்க நல்லா இருக்கும், கேளுங்க." என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஒடம்புல டி செல்லுன்னு சண்டைக்காரங்க இருக்காங்க. ஒவ்வொருத்தன் கையிலயும் ஒரு கொக்கி. அதுக்கு ரிசப்டர்னு பேரு. அந்தக் கொக்கியாலதான் எதிரிய அடையாளம் கண்டு பிடிப்பான். ஒரு வகைக் கொக்கிக்காரங்க புத்தி மாறி, சொந்த ஒடம்பையே பிடிக்க ஆரம்பிச்சுட்டாங்கன்னு வைங்க. அவங்கள அடக்க இன்னொரு வகை டி செல்லு வரும். அது எதிரியப் பாக்காது, அடிபடுற எடத்தையும் பாக்காது. அந்தச் சண்டைக்காரனோட சொந்தக் கொக்கியில ஒரு துண்டு அவன் மேலயே வெளிய தெரியும். அந்தத் துண்டப் பாத்து, இவன் இன்ன கூட்டம்னு கண்டுபிடிச்சு, அவன மட்டும் அமுக்கும்."

சங்கரலிங்கம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இது நாங்கதானம்மா?"

"என்ன அண்ணாச்சி?"

"நாங்க பஸ்ஸுல ஏறுனா மொதல்ல பயணி மொகத்தயா பாக்கோம்? கண்டக்டரு பையப் பாப்போம். சீட்டுக் கட்டுல என்ன நம்பரு ஓடுதுன்னு பாப்போம். அவன் வச்சிருக்க சாமான வச்சே அவனப் பிடிச்சிருவோம். ஒடம்புக்குள்ளயும் செக்கிங் இருக்குன்னு சொல்லுதிய."

"இருக்குன்னு இவங்க சொல்லுதாங்க. பெரிய பெரிய ஆளுங்க இன்னும் நம்பல. முந்தி ஒருகாலத்துல அடக்குத செல்லு உண்டுன்னு எல்லாரும் பேசுனாங்க. பொறவு அப்படி ஒண்ணு இல்லவே இல்லன்னு விட்டுட்டாங்க. இப்பம் மறுபடியும் பைய பேச ஆரம்பிச்சிருக்காங்க."

"நம்ப மாட்டாங்கம்மா," என்றார் அவர் மிகுந்த அனுபவத்தோடு. "செக்கிங்க யாருக்குப் பிடிக்கும்?" என் பக்கம் திரும்பி ஒரு சிரிப்புச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவர் முகத்தைப் பார்த்து நான் சிரித்தது அதுதான் முதல் தடவை. ஜெயந்தி, உன் பாடப்புத்தகத்தில் ரெகுலேட்டரி டி செல்லில் பல வகை போட்டிருப்பார்கள். மற்ற வகைகளை நீயே படித்துக்கொள். இந்த ஒரு வகைக்குச் சங்கரலிங்கத்தை நினைத்துக்கொண்டால் போதும்.

ஆடிச் சாரல் விழ ஆரம்பித்த சமயத்தில் முப்புடாதி கடைசிச் சோதனைக்கு வந்தாள். அப்பா, அம்மா இரண்டு பேரும் கூட வந்திருந்தார்கள். குழாயை ஐஸ் தண்ணீரில் முழுசாக அரை மணி நேரம் வைத்தேன். எடுத்துச் சாய்த்தேன். மொழுமொழுவென்று ஓடியது. குளிர்ந்த தட்டில் நான்காவது சொட்டு வைத்து, தட்டை மெதுவாக ஆட்டி ஆட்டிப் பார்த்தேன். திரியவில்லை. டாக்டரம்மாவும் ஆட்டிப் பார்த்தார். திரியவில்லை.

ரிஜிஸ்தரைத் திறந்தேன். கண்ட்ரோல் கட்டம் காலியாக இருந்தது. பேனாவை எடுத்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றேன். வாழ்க்கையில் எத்தனையோ மைனஸ் போட்டவள், அந்த ஒரு கோட்டை இழுக்கும் முன் தட்டை இன்னொருதரம் ஆட்டிப் பார்த்தேன்.

"இப்பம் போடுங்க," என்றார் சங்கரலிங்கம்.

போட்டேன். அவர் சட்டைப் பையிலிருந்து பச்சை மைப் பேனாவை எடுத்து, டாக்டரம்மாவைப் பார்த்தார். "பஸ்ஸுல பாத்துச் சரியா இருந்தா, கண்டக்டரு தாளுல ஒரு கையெழுத்துப் போட்டுட்டுத்தான் எறங்குவோம். பழகிப்போச்சு."

டாக்டர் எஸ்தர் ரிஜிஸ்தரை அவர் பக்கம் நகர்த்தினார். என் மைனஸுக்குப் பக்கத்தில், எப்போதும் சிவப்புக் கேள்விக்குறி விழும் இடத்தில், சங்கரலிங்கம் பச்சை மையில் கையெழுத்துப் போட்டார்.

"அப்பம் நான் ஆத்துக்குப் போலாமா?" என்று கேட்டாள் முப்புடாதி.

அதற்குப் பிறகு நான் ஓய்வு பெறும் வரை ஒரு மைனஸையும் முன்கூட்டிப் போட்டதில்லை. பல வருடம் கழித்து, பழைய ரிஜிஸ்தர்களைச் சரிபார்க்க வெளியூரிலிருந்து ஒரு குழு வந்தது. அதில் ஒரு அதிகாரி பக்கம் பக்கமாகப் புரட்டி வந்தவர் ஓரிடத்தில் நின்றார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "இந்தப் பச்சைக் கையெழுத்து யாருடையது? உங்கள் பணியாளர் பட்டியலில் இப்படி யாரும் இல்லையே," என்று கேட்டார்.

"செக்கிங்," என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.